நாய் இழுக்காத கயிறு

போர்க் கிணறு தோண்டுகிற ரிக் வண்டி இன்றைக்கு எந்த மாநிலத்தில், எந்தக் காட்டில் நிற்கிறதோ, அங்கே இருக்கிற என் மகனுக்கு, வீட்டுக்குள்ளேயே ஓர் இடத்தில் உட்கார முடியாமல் நடந்துகொண்டிருக்கிற உன் அம்மா எழுதுவது.

வாரா வாரம் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் நான் அடிக்கிற கூத்தை நீயும் படிக்கிறாய் என்று தெரியும். எதிர்வீட்டு அக்கா தன் வயதைப் பத்து வருஷமாக ஒரே இடத்தில் நிறுத்தி வைத்திருப்பதையும், என் தோசை கல்லை விட்டு வரமாட்டேன் என்று சத்தியாக்கிரகம் செய்வதையும் எழுதிப் பேர் வாங்கியவள் நான். இந்த வாரம் அப்படி ஒன்றும் இல்லை. நடுநடுவே சிரிப்பு வந்தால் அது பழக்க தோஷம், பொறுத்துக்கொள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபது வருஷம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊர்க்கதை கேட்டவளுக்கு, அழ வேண்டிய இடத்தில்கூட யாரையாவது பற்றி வம்பு பேசத்தான் வாய் வரும். இந்தத் தடவை வம்பு என்னைப் பற்றி. இது அச்சாவதற்குப் பத்து நாள் முன்னாலேயே என் கையெழுத்தில் உனக்கு வந்து சேரும்படி அனுப்புகிறேன். முதலில் நீ படி, பிறகு ஊர் படிக்கட்டும். ஊர் எதற்கு என்று கேட்பாய். நான் சொன்ன பொய்யை ஊர் முழுக்கக் கேட்டது. உண்மையை மட்டும் கவரில் போட்டு ஒட்டி உனக்கு அனுப்பிவிட்டு, வெளியே பழையபடி நல்லவளாகத் திரிவது எனக்கே கொஞ்சம் அதிகமாகப் படுகிறது.

போன வெள்ளிக்கிழமை, நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் ஆட்டையாம்பட்டியிலிருந்து தனியாகப் பஸ் ஏறி வந்தாள். கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது மருமகள் தனியாக வந்து நின்றால் மாமியாருக்கு என்ன தோன்றும்? கூறைச் சேலையின் நிறம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு காபி போட்டேன். அவள் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கோணுங்க. கோவிச்சுக்கக் கூடாது."

"காபியக் குடிச்சுப்போட்டுக் கேளு கண்ணு. நான் போட்ட காபியக் குடிச்சவங்க மேல நான் கோவிச்சுக்கறதில்ல. குடிச்சதே தண்டனைதான்."

அவள் சிரிக்கவில்லை. "அவரு லெட்டர் போட்டிருக்காருங்க. எங்கப்பனைக் கொன்னவன் நானு, இது தெரிஞ்சும் என்னையக் கட்டிக்கச் சம்மதமான்னு கேட்டிருக்காருங்க. எங்க ஊட்டுல யாருக்கும் அதக் காட்டலைங்க. மாமா பாறையில இருந்து உழுந்துட்டாருன்னுதானுங்க எங்களுக்குச் சொன்னாங்க. அப்பறம் இவரு ஏனுங்கத்தை இப்பிடி எழுதறாரு?"

பதில் எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல், "அவனே சொல்லுவான், பொறு" என்றேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். படியில் கால் வைத்தவள் திரும்பிச் சொன்னாள்: "அவரு என்ன பண்ணியிருந்தாலும் நான் கட்டிக்கறனுங்க. அதையே நெனச்சுக்கிட்டுக் குடும்பம் நடத்துவாருங்களே, அதுக்குத்தானுங்க பயமா இருக்குது." கண்டக்டர் விசில் அடித்தார், பஸ் போய்விட்டது. இருபத்திரண்டு வயதுப் பெண். நாற்பத்தைந்து வயதில் எனக்கு வராத புத்தி அவளுக்கு இருக்கிறது. ஆகவே முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அப்பா செத்ததற்கு நீ காரணம் இல்லை. நம் நாயும் காரணம் இல்லை. கயிற்றை நாய் இழுக்கவே இல்லை. அந்த நேரத்தில் அது கயிற்றுப் பக்கத்தில்கூட இல்லை.

இனிமேல் வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்வேன், ஏனென்றால் நீ அதையெல்லாம் குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டு ஞாபகம் வைத்திருக்கிறாய். உன் அப்பா பட்டாளத்தில் ஏழு வருஷம் இருந்தவர். வடக்கே மலையில் கயிறு கட்டி ஏறப் பழகினார். திரும்பி வந்து ஹைஸ்கூலில் டிரில் மாஸ்டரான பிறகும் அவருக்குக் கை அரித்துக்கொண்டே இருந்தது. நம் பக்கம் சமவெளி. சோளக்காடும் கடலைக்காடும் கிணறுமாகப் படுத்துக்கிடக்கிற நிலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கரடு என்கிற பாறைக்குன்றுகள், அவ்வளவுதான். கல்யாணமான மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை "கெளம்பு புள்ள, ஒரு எடத்துக்குப் போலாம்" என்றார். சினிமா என்று நினைத்துத் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஆனைக்கரட்டின் அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறக்கி, மூன்று தென்னை உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிற கிழக்குப் பக்கப் பாறையைக் காட்டினார். "இதுதான் படமுங்களா?" என்று கேட்டேன். "நீதான் ஹீரோயின், ஏறு" என்றார். அன்றைக்கு ஆள் உயரம்கூட ஏறவில்லை. ஆனால் விரல் நுனியில் பாறை பிடிபட்ட அந்த நிமிஷம் என் தலைக்குள் ஒரு சத்தமும் இல்லை. எட்டு மணி நேரம் ஊராரின் குரலையெல்லாம் காதில் வாங்குகிறவளுக்கு அது என்ன சுகம் என்று உனக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறினால் சண்டை போட்டது நான்தான், அவர் அல்ல.

ஊர் என்ன பேசியது என்பதும் உனக்குக் கொஞ்சம் தெரியும். டிரில் வாத்தியார் பெண்டாட்டி புருஷனுடைய காக்கி கால்சட்டையைப் போட்டுக்கொண்டு கரட்டில் ஏறுகிறாள் என்று முதலில் பேசினார்கள். பிறகு புதையல் என்று பேசினார்கள். இரண்டு பெரிய மனிதர்கள் வீட்டுக்கே வந்து, கிடைக்கிறதில் மூன்றில் ஒரு பங்கு கோயிலுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு போனார்கள். கயிறு வாங்கச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனோம். லாரி லோடு கட்டுகிற நைலான் கயிற்றை எடுத்துப் போட்ட கடைக்காரர், "எத்தனை டன்னுங்க லோடு?" என்று கேட்டார். உன் அப்பா என்னைக் காட்டினார். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு சுற்றுப் பெரிய கயிறாக எடுத்தார். விரலுக்கு வலு வர வேண்டும் என்று உன் அப்பா வீட்டில் உத்தரத்தைப் பிடித்துத் தொங்கச் சொல்வார். ஒரு நாள் கதவைத் திறந்த எதிர்வீட்டு அக்கா, நான் உத்தரத்தில் தொங்குவதைப் பார்த்துத் தெருவையே கூட்டிவிட்டாள். கையால்தான் தொங்குகிறேன், கழுத்தால் அல்ல என்று விளக்குவதற்குள் உன் தாய்மாமனுக்கு ஆள் போய்விட்டது.

நாங்கள் ஏறுகிற முறையைச் சொன்னால்தான் மேலே சொல்வது விளங்கும். அப்பா கரட்டின் பின்பக்கச் சரிவு வழியாக நடந்து உச்சிக்குப் போய், பாறையில் அடித்து வைத்த இரும்பு வளையத்தில் கயிற்றைக் கோத்து இரண்டு முனையையும் கீழே விடுவார். ஒரு முனை ஏறுகிறவர் இடுப்பில். மறு முனை கீழே நிற்கிறவர் கையில். ஏறுகிறவர் மேலே போகப் போகக் கீழே இருப்பவர் கயிறு தொய்ந்துவிடாமல் தளர்ச்சியை இழுத்து வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். கால் வழுக்கினால் கீழே இருப்பவரின் பிடிதான் உயிர். பாறையின் நடுவில் தொப்பை மாதிரி ஒரு புடைப்பு இருந்தது. அதைத் தாண்டிவிட்டால் ஏறுகிறவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். காற்றில் குரலும் கேட்காது. அதனால் பஸ்ஸிலிருந்து எடுத்துக்கொண்டோம். அப்போதெல்லாம் பஸ்ஸில் கண்டக்டர் மணிக் கயிற்றை இழுப்பாரே, அதே மாதிரி. ஒரு இழுப்பு என்றால் நிறுத்து, இறுக்கிப் பிடி. இரண்டு இழுப்பு என்றால் ரைட், கயிறு விடு. இந்தப் பாஷை வீட்டுக்கும் வந்துவிட்டது. விருந்தாளிகள் முன்னால் நான் எக்ஸ்சேஞ்சில் கேட்ட யாருடைய வெளியூர் டிரங்க் காலைப் பற்றியாவது ஆரம்பித்தால், பின்னாலிருந்து முந்தானையில் ஒரு இழுப்பு விழும். நிறுத்து என்று அர்த்தம். நான் நிறுத்தினதாக ஞாபகம் இல்லை.

நம் நாய், கரட்டடிப் பட்டியில் ஆடு வளர்க்கிற ஆட்டுக்காரம்மா கொடுத்த குட்டி. செம்பட்டை நிறம், ஒரு காது மடங்கியது. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே கீழே தொங்கிய கயிற்றைக் கவ்வி இழுத்தது. அப்போது ஏறிக்கொண்டிருந்தது நான். கீழே நின்ற உன் அப்பா அது என் சமிக்ஞை என்று நினைத்துக்கொண்டு பிடியை இறுக்க, நான் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் அரை மணி நேரம் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் அதற்குக் கண்டக்டர் என்று பேர் வைத்தோம். கயிற்றை எங்கே கண்டாலும் இழுக்கும். அப்பா அதற்கு ஒரு சட்டம் போட்டார். ஏறத் தொடங்குவதற்கு முன்னால் கண்டக்டரை வேப்பமரத்தில் கட்டிவிட வேண்டும், இரண்டு பேரும் இறங்கிய பிறகுதான் அவிழ்க்க வேண்டும். கட்டுகிற பொறுப்பு உன்னுடையது. அப்பா உனக்குக் கற்றுக்கொடுத்த முதல் முடிச்சே அதுதான். அந்தச் சட்டத்தை ஒரே ஒரு நாள் நீ மீறினாய். அதைத்தான் பதிமூன்று வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறாய்.

உனக்குப் பதினொரு வயது. பங்குனி மாதம், வெயில் காலையிலேயே தீயாக இருந்தது. நான் முதலில் ஏறி இறங்கிவிட்டேன். அப்பா ஏறினார், நான் கீழே கயிறு பிடித்தேன். அவர் புடைப்பைத் தாண்டி மறைந்த நேரத்தில் ஆட்டுக்காரம்மா விறகுக் கட்டோடு வந்து நின்றாள். "என்ன அம்முணி, போனாபீசுல என்ன சேதி?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். அந்த வாரம் ஒரு டிரங்க் கால் கேட்டிருந்தேன். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை, நிச்சயித்த பெண்ணை விட்டுவிட்டு அவள் தங்கையைக் கேட்கிறான். ஒரு வாரமாக அதை யாரிடமும் சொல்ல முடியாமல் எனக்கு வயிறு ஊதிப்போயிருந்தது. எக்ஸ்சேஞ்சில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. ஆனால் ஆட்டுக்காரம்மா ஆட்டிடம்தானே சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். நான் கதை சொன்னால் கையால் சொல்கிறவள் என்று உனக்குத் தெரியும். கை இரண்டும் வேண்டியிருந்தது. கயிற்றைக் கீழே போட்டு, அதன் மேல் காலை வைத்து மிதித்துக்கொண்டேன்.

தளர்ச்சியை வாங்கவில்லை. அவர் ஏறிக்கொண்டிருந்தார், கயிறு அப்படியே கிடந்தது. மாப்பிள்ளையின் அப்பா பேசியதை அவர் குரலிலேயே நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அப்போது காலடியில் ஒரு இழுப்பு வந்தது. ஒரே ஒரு இழுப்பு. நிறுத்து, இறுக்கிப் பிடி. மகனே, அதை நான் உணர்ந்தேன். உணரவில்லை என்று சொல்லிவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது? உணர்ந்தேன். கண்டக்டர் கட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து வேலையைக் காட்டுகிறது என்று நினைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் குதிகாலால் கயிற்றை ஓர் உதை உதைத்து, "சீ, போ அக்கட்ட" என்றேன்.

ஆட்டுக்காரம்மா எனக்குப் பின்னால் தூரத்தில் கையைக் காட்டி, "நாயி அங்கத்தான் பையனோட போகுதுங்களே, அம்முணி" என்றாள்.

திரும்பினேன். நீ கண்டக்டரைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு சுனைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாய். ரொம்ப தூரம். நான் உன்னைப் பார்த்த அதே நேரத்தில் என் கால்மாட்டில் கயிறு ஓட ஆரம்பித்தது. அப்போது பிடித்தேன். இரண்டு கையாலும் பிடித்தேன். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது. ஆனால் பிடிக்க வேண்டிய நேரம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. விழுந்த பிறகு அவர் எப்படி இருந்தார் என்பதை நீ ஓடி வந்து பார்த்திருக்கிறாய். அதை நான் எழுதப் போவதில்லை. அவர் கடைசியாக என்னிடம் கேட்டது இறுக்கிப் பிடி என்பதைத்தான். நான் அவரை நாயைத் துரத்துவது மாதிரித் துரத்தினேன். அந்த டிரங்க் கால் கதை கடைசியில் எப்படி முடிந்தது, அக்காவைக் கட்டினானா தங்கையைக் கட்டினானா என்று எனக்கு இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்து இருபது பேர் கூடிவிட்டார்கள். என் இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தார்கள். ஒருத்தி என் கையைத் தூக்கிக் காட்டி, "பாருங்க, கடைசி வரைக்கும் உடாமப் புடிச்சிருக்குது பாவம்" என்றாள். பெண்கள் அழுதார்கள். உன் பெரியப்பா வந்து முன்னால் நின்றார். "என்னம்மா ஆச்சு? தம்பி நூறு தடவ ஏறுன பாறையாச்சே" என்றார். அந்த இடத்தில் என் வாயிலிருந்து வந்தது நான்கு வார்த்தை. "நாயி கயித்த இழுத்துப்போட்டுதுங்க மாமா." திட்டம் போட்டுச் சொல்லவில்லை. இழுப்பு வந்த அந்த ஒரு நொடியில் நானே நம்பியதைத்தான் சொன்னேன். பொய் என்று தெரிந்த பிறகும் அதையே சொன்னேன், வித்தியாசம் அவ்வளவுதான். உன் பெரியப்பா சுற்றிலும் பார்த்துவிட்டு, "கட்டித்தானே வெப்பீங்க. யாரு அவுத்து உட்டது?" என்று கேட்டார். நீ கூட்டத்துக்குப் பின்னால் நின்றாய். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டால் தூக்குகிற மாதிரி கையைத் தூக்கினாய். "நானுங்க பெரியப்பா" என்றாய். சுனைக்குக் கூட்டிப் போனேன் என்று நீ சொல்ல ஆரம்பித்தாய், அதற்குள் யாரோ உன்னை அடித்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையில் கட்டு இருந்தது, வாயில் கட்டு இல்லை. ஆட்டுக்காரம்மாவும் அங்கேதான் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளும், "ஆமாங்க, நாயிதானுங்க" என்றாள். அவளும் பயந்துவிட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் தெருவில் எதிர்ப்பட்டால், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனோம்.

நாய் உன்னோடு சுனைப் பக்கம் இருந்தது என்று உனக்குத் தெரியுமே, அப்புறம் எப்படி நீ நம்பினாய் என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். சுனையை நெருங்கும்போது அது உன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பாறைப் பக்கம் ஓடியது என்று பின்னால் ஒரு தடவை நீயே சொன்னாய். சத்தம் கேட்டு ஓடியிருக்கிறது. ஓடியதும் சத்தம் வந்ததும் ஒன்றன் பின் ஒன்றாக நடந்தவை. எது முன்னால், எது பின்னால் என்று பதினொரு வயதுப் பிள்ளை தன் அம்மா சொல்வதற்கு எதிராக எப்படி நிச்சயமாக இருப்பான்? இன்றைக்கு நான் நிச்சயமாகச் சொல்கிறேன். அது ஓடியது பின்னால். உன் அப்பா விழுந்த பிறகு.

கண்டக்டரை என்ன செய்தோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். உன் பெரியப்பா முதலில் அதைக் கொல்லவில்லை. தன் லாரியில் ஏற்றி, பள்ளிபாளையம் பாலம் தாண்டி ஆற்றுக்கு அந்தக் கரையில் இறக்கிவிட்டு வரச் சொன்னார். ஒன்பதாம் நாள் காலையில் அது வாசலில் நின்றது. நான்கு காலும் தேய்ந்து ரத்தம். என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கருமாதிக்கு வந்த உறவெல்லாம் வீட்டில்தான் இருந்தது, சொல்வதற்கு அதைவிட நல்ல சபை கிடைத்திருக்காது. நீதான், "பெரியப்பாகிட்டச் சொல்லிரலாம்மா" என்றாய். கண்ணில் தண்ணீர் இல்லாமல் சொன்னாய். நான் "செரி சாமி" என்றேன். அவர் இரண்டு ஆளோடு தடி எடுத்துக்கொண்டு வந்தார். கொல்லையில் நடந்தது. நான் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து குழவியைச் சுற்றினேன். குழியில் அரிசியும் இல்லை, உளுந்தும் இல்லை. கல்லோடு கல் உரசுகிற சத்தம் வேண்டியிருந்தது, அதனால் சுற்றினேன். கையிலிருந்த புண் உடைந்தது. அதைப் பார்த்த உறவுக்காரர்கள், புருஷன் போன துக்கத்தில் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் செய்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். நல்ல பேர் எனக்குத்தான் எவ்வளவு சுலபமாகக் கிடைத்தது, பார்.

அதற்குப் பிறகு நீ மாறிவிட்டாய். என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பரீட்சைக்குப் படி என்றால் படித்தாய், ரிக்குக்குப் போ என்று பெரியப்பா சொன்னதும் போனாய். லீவில் வந்தால் என் காலைப் பிடித்துவிடுகிறாய். உன்னோடு வேலை செய்கிற பையன் ஒருத்தன் வந்திருந்தபோது, "அண்ணன் ஒவ்வொரு கயித்தையும் மூணு வாட்டி இழுத்துப் பாத்துட்டுத்தானுங்கம்மா ஆள உடுவாரு" என்று பெருமையாகச் சொன்னான். நான் அவன் இலையில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன். இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று தெருவில் கேட்டார்கள். கிடைக்கும், அவன் அப்பாவைக் கொன்றதாக அவனை நம்பவைத்தால் கிடைக்கும். உன் அடக்கம் எனக்கு வசதியாக இருந்தது. இதுதான் நான் செய்ததிலேயே கேவலமானது. கயிற்றை விட்டது ஒரு நொடி. வராந்தாவில் சொன்னது ஒரு நொடி. உன்னைப் பயன்படுத்திக்கொண்டது பதிமூன்று வருஷம், ஒவ்வொரு நாளும், தெரிந்தே.

நான் சிரிப்புக் கதை எழுத ஆரம்பித்ததும் அந்த நாட்களில்தான். யாராவது வந்து உட்கார்ந்தால் உடனே சிரிக்கவைத்துவிட வேண்டும், கேள்வி கேட்க நேரம் கொடுக்கக் கூடாது. இத்தனை வருஷத்தில் பூனையைப் பற்றி எழுதியிருக்கிறேன், கோழியைப் பற்றி எழுதியிருக்கிறேன். நாயைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதவில்லை. ஒருத்தரும் கவனிக்கவில்லை.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்குப் புத்தி சொல்லாமல் பெற்றவள் கடிதத்தை முடிக்கக் கூடாதாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவள் பக்கத்திலிருந்து ஓர் இழுப்பு வந்தால், அது அவளா, காற்றா, நாயா என்று ஆராயாதே. முதலில் பிடி. பிடித்துக்கொண்டு ஆராய நிறைய நேரம் இருக்கும். உன் அப்பா நல்ல புருஷனாக இருந்தார். எனக்குக் கயிறு பிடித்த பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் வேறு பக்கம் திரும்பவில்லை. நாய் இழுத்தபோதுகூட அது நான்தான் என்று நம்பி இறுக்கிப் பிடித்தவர். எங்கள் இரண்டு பேருக்கும் இருந்த வித்தியாசம் அதுதான். நீ அவர் மாதிரி இரு.

தாலியை எடுத்துக் கொடுக்க நான்தான் வர வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். தாலி அறுத்தவள் எடுத்துக் கொடுப்பதாவது என்று உன் பெரியப்பா குதித்தார் என்றும், நீ விட்டுக்கொடுக்கவில்லை என்றும் கேள்விப்பட்டேன். அவர் சொல்கிற காரணம் மடத்தனம். ஆனால் நீ சொல்கிற காரணமும் சரியில்லை. என் புருஷனை நீ எடுத்துக்கொண்டதற்கு ஈடாக அந்த மரியாதையைத் தருகிறாய். நீ எடுத்துக்கொள்ளாததற்கு ஈடு வாங்க எனக்கு உரிமை இல்லை. வேறு யாரை வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கச் சொல். நான் பந்தலுக்கு வருவதா, வேண்டாமா என்பதையும் நீயே முடிவு செய். வராதே என்றால் வரமாட்டேன், அதற்கு ஒரு காரணம் கட்டி ஊரில் சொல்லவும் மாட்டேன். இதைப் படித்ததும் முதலில் அந்தப் பெண்ணுக்கு ஒரு வரி எழுதிப் போடு. அவள் பயத்தோடு இருக்கிறாள்.

அன்றைக்கு அந்தக் கரட்டில் நாம் மூன்று பேர் இருந்தோம். அப்பாவுக்குப் பாறை ஞாபகம், எனக்கு வம்பு ஞாபகம். வேப்பமர நிழல் நகர்ந்துவிட்டது, கட்டிக்கிடக்கிற வாயில்லாத ஜீவன் வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறது, அதற்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று உனக்கு மட்டும்தான் தோன்றியது. பதிமூன்று வருஷமாக நீ குற்றம் என்று நினைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். அதை இறக்கி வைத்துவிட்டு, லீவு கிடைக்கிற முதல் நாள் ஊருக்கு வா. உள்ளே வர வேண்டாம் என்று தோன்றினால் வாசலிலேயே நின்று, என்னைக் கேட்க வேண்டியதையெல்லாம் சத்தமாகக் கேள், தெருவே கேட்கட்டும். நான் நடுவில் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

உன்னைப் பெற்றவள்